கணக்கு வேலையை விட்டு நர்சரி வைக்கலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு 36 வயது. திருவட்டாறு பக்கம் வீடு. மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். ஜன்னல் இல்லாத உள்ளறை. காலை 9 மணிக்கு உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. வீட்டுக்கு பஸ் ஏறும்போது இரவு 8 மணி ஆகிவிடும். சம்பளம் 18,000 ரூபாய். வீட்டுக் கடனுக்கு மாதம் 7,500 போகிறது. வீட்டுக்காரருக்கு வெல்டிங் வேலை, எல்லா நாளும் இருக்காது. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே மறுநாளை நினைத்து வயிறு பிசைகிறது. தூக்கமும் சரியில்லை.

வீட்டைச் சுற்றி 9 சென்ட் விளை (தோட்ட நிலம்) இருக்கிறது. போன மாசியில் நல்லமிளகுக் கொடியில் கம்பு வெட்டி 40 கவரில் வைத்தேன். 26 பிடித்தது. போன 14-ல் 9 கம்பு கொடியின் நுனியில் எடுத்தவை. பிடித்த கன்றுகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். அந்த ஒரு மாதம்தான் நான் சந்தோஷமாக இருந்தேன். பி.எஃப். பணத்தை எடுத்து, 30 சென்ட் குத்தகைக்குப் பிடித்து, நர்சரி போடலாம் என்று நினைக்கிறேன். படித்த பிள்ளை மண்ணில் கிடப்பதா என்று மாமியார் கேட்கிறார். வேலையை விடட்டுமா? இன்னொன்று: வீட்டில் விதை போட்டு முளைத்த ஜாதிக்காய் மரம் ஒன்று நிற்கிறது. மூன்று வருஷமாகப் பூக்கிறது, ஒரு காய்கூட இல்லை. வெட்டிவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது சம்பளத்தை விட வேண்டாம். பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டாம். குத்தகையும் வேண்டாம். ஆனால் செடி வேலையை வருகிற தை மாதமே தொடங்குங்கள். பொழுதுபோக்காக வேண்டாம், தொழிலாகவே தொடங்குங்கள். ஜாதிக்காய் மரத்தை வெட்ட வேண்டாம், அதைப் பற்றிப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் நர்சரி வைத்திருப்பவர்களுக்கும் வைக்க நினைப்பவர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. செடி மேல் ஆசை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பச்சையைப் பற்றியும் மன நிம்மதியைப் பற்றியும்தான் பேசுவார்கள். நீங்கள் எழுதியது வேறு மாதிரி இருக்கிறது. எத்தனை கம்பு போயிற்று, போனது கொடியின் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். மிளகின் ஓடுகொடியில், அதாவது தாய்க்கொடியின் அடியில் கிளம்பித் தரையில் ஓடும் கொடியில், நுனிப்பக்கம் இளசு, அழுகிவிடும். அடிப்பக்கம் முற்றல், துளிர்க்கச் சுணங்கும். நடுவில் உள்ள மூன்றில் ஒரு பங்குதான் கன்றுக்கு ஏற்றது. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் விவசாயிகளுக்குச் சொல்லித் தருவதும் இதுதான். நீங்கள் யாரும் சொல்லாமலே, செத்த கம்பைத் தூக்கி எறிவதற்கு முன் எண்ணிப் பார்த்து, அதில் பாதியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இது சாதாரண விஷயம் இல்லை. உங்கள் ஆசை பொய்யில்லை என்பதற்கு எனக்கு இந்த ஒரு வரி போதும்.

அதே சமயம், உங்கள் கை ஓடுவது கன்று உண்டாக்கும் வேலையில். நர்சரி நடத்துவது அதைவிடப் பெரிய வேலை. கன்றை உண்டாக்க வேண்டும், விற்கும்வரை சாகாமல் காப்பாற்ற வேண்டும், விற்று பணம் வாங்க வேண்டும். முதலாவதில் உங்களுக்குக் கை இருக்கிறது. இரண்டாவது எப்படி என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை; 40 கவரைத் திண்ணையில் வைத்துப் பார்ப்பது ஒன்று, 2,000 கவரை ஆனி மழையில் காப்பாற்றுவது இன்னொன்று. மூன்றாவதில் நீங்கள் இறங்கவே இல்லை, சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் ஒரு முழு வருஷம் பாருங்கள் என்கிறேன்.

அந்த வருஷம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வடகிழக்கு மழை ஓய்ந்ததும், தை மாதம், மண்கலவையைத் தயார் செய்யுங்கள். மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. அதை நனைத்துப் பரப்பி, கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும் பாலித்தீன் தாளை மேலே விரித்து, ஓரத்தில் மண் போட்டு இறுக்கி, ஒரு மாதத்துக்குக் குறையாமல் வெயிலில் விடுங்கள். கருப்புத் தாள் வேண்டாம். உள்ளே ஏறும் சூட்டில் அழுகல் பூசணமும் நூற்புழுவும் பெருமளவு செத்துவிடும். பலர் இந்த ஒரு மாதத்தைக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் கவரை நிரப்பிவிட்டு ஜூன் மாதத்தில் அழுவார்கள்.

கம்புக்கான ஓடுகொடியை இப்போதே கவனிக்க வேண்டும். நன்றாகக் காய்க்கிற, நோயில்லாத கொடியின் அடியில் கிளம்பும் ஓடுகொடிகளை மண்ணில் படரவிடாமல், பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சுருட்டி வையுங்கள். தரையில் பட்டால் கணுவுக்குக் கணு வேர் விட்டு, மண்ணில் இருக்கும் நோயையும் சேர்த்துக்கொண்டு வரும். மாசியில் வெட்டி, இலையைக் கிள்ளிவிட்டு, இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக்கிக் கவரில் வைத்தால் வைகாசிக் கடைசியில் நடவுக்கு ஆகிவிடும். அப்போது தென்மேற்கு மழை கிளம்பும். மிளகுக் கன்று கேட்டு ஆள் வருவதும் அந்த மழையோடுதான்.

கன்று சாவதும் அதே மழையில்தான். இலையில் கருப்பாக ஒரு பொட்டு விழும், அதன் ஓரம் நூல் பிரிந்த துணி மாதிரி சிலும்பி நிற்கும். வாடல் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கவரையும் அதை ஒட்டி இருக்கும் கவர்களையும் அன்றைக்கே எடுத்து அப்புறப்படுத்த வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் வரிசையே போய்விடும். மிச்சக் கன்றுகளுக்கு 1 சதவீத போர்டோ கலவை அடிக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீர் என்றால் மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். கலக்கியதில் ஒரு பழைய கத்தியை முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்று கலக்கியதை அன்றே அடித்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் நேரத்தைப் பாருங்கள். காலை 9 மணியிலிருந்து இரவு 8 மணி வரை நீங்கள் உள்ளறையில். அந்தக் கருப்புப் பொட்டை யார் பார்ப்பது? டார்ச் அடித்துப் பார்க்கிற வேலை இல்லை இது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்ட பிரச்சினை இதுதான். வேலையை விடுவது, இல்லாவிட்டால் இங்கேயே கிடப்பது என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைத்திருக்கிறீர்கள். உங்களிடமிருந்து இந்தக் கடை எடுத்துக்கொள்வது பகல் வெளிச்சத்தை. திருவட்டாறு, குலசேகரம், அருமனை வட்டாரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடைகள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. 11 வருஷம் கணக்கு எழுதியவருக்கு, சாயங்காலம் 5 மணிக்கு விடுகிற ஒரு வேலையை அங்கே தேடலாம். சம்பளம் 3,000 குறைந்தாலும் பஸ் காசு மிச்சம், நாளுக்கு மூன்று மணி நேரம் மிச்சம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிலம் தேடுவதற்கு முன் அந்த வேலையைத்தான் தேடுவேன். அப்படி மாறியபின் மனசு இளகி, செடி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போதும் என்று தோன்றினால் அதுவும் நல்லதுதான், யாருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கம் கெட்டதையும் வயிறு பிசைவதையும் ஒரு டாக்டரிடம் சொல்லுங்கள். செடி அதற்கு மருந்து என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். கன்று சாகிற வாரத்தில் நர்சரிக்காரர்களுக்கும் தூக்கம் வருவதில்லை.

சரி, ஜாதிக்காய்க்கு வருகிறேன். ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதையில் முளைப்பதில் ஏறக்குறைய பாதி ஆணாகிவிடும். கன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பூக்கும்போதுதான் தெரியும். அதற்கு ஆறு ஏழு வருஷம் ஆகும். உங்கள் மரத்துப் பூ ஒன்றைப் பறித்து பிளேடால் நெடுக்கு வாட்டில் கீறிப் பாருங்கள். உள்ளே அடியில் உருண்டையாகச் சூலகமும் அதன் தலையில் பிளந்த சிறு முனையும் இருந்தால் பெண். நடுவில் மெலிந்த தூண் மாதிரி மகரந்தத் தண்டு மட்டும் நின்றால் ஆண். ஆண் பூ கொத்தாகவும் ஒல்லியாகவும் இருக்கும், பெண் பூ ஒன்றிரண்டாக, வயிறு பருத்து இருக்கும். பெண் மரமாக இருந்து அக்கம்பக்கத்தில் ஆண் மரம் இல்லாமல் காய்க்காமல் போவதும் உண்டு, அதனால் கீறிப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

ஆண் என்றே வைத்துக்கொள்வோம். கிளைகளை வெட்டிவிட்டு, புதிதாகக் கிளம்பும் துளிர்க்கம்பில் நல்ல பெண் மரத்து மொட்டை (பூமொட்டு இல்லை, துளிர் விடும் மொட்டு) ஒட்டி அதையே பெண் மரமாக்கலாம். ஒரு கிளையை மட்டும் ஆணாகவே விட்டு வையுங்கள், மகரந்தத்துக்கு ஆகும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும் என்பது தோட்டக்காரர்கள் கணக்கு. மொட்டு எடுக்கிற கம்பு நேராக மேலே போகும் கம்பா, பக்கவாட்டில் போகும் கம்பா என்பதும் முக்கியம். பக்கக் கம்பில் எடுத்து ஒட்டினால் மரம் உயராமல் பரந்து படரும்.

இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். உங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ரப்பர் நர்சரிகளில் மொட்டு ஒட்டுகிறவர்களைப் பாருங்கள். கத்தி முனையில் பட்டையைச் சன்னல் மாதிரி திறந்து, மொட்டுத் துண்டை உள்ளே பொருத்தி, பாலித்தீன் நாடாவை இழுத்துச் சுற்றி அவர்கள் அடுத்த செடிக்கு நகர்ந்திருப்பார்கள், நாம் முதல் செடியையே பார்த்துக்கொண்டு நிற்போம். மூன்று வாரம் கழித்து நாடாவைப் பிரித்து நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு என்றால் போயிற்று. ஒரு நர்சரியில் கேட்டு, சில ஞாயிற்றுக்கிழமை போய்க் கூட நில்லுங்கள். கூலி கேட்காமல் வேலைக்கு வருகிறவரை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். ஒட்டுக்கட்டுகிற கை உள்ளவர்களுக்கு நம் மாவட்டத்திலும், களியக்காவிளை தாண்டிக் கேரளத்திலும் வேலை உண்டு. பெண்கள் இந்த வேலைக்கு வருவது குறைவு, வந்தவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

ஜாதிக்காயை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விதைக் கன்றை ஒட்டுக் கன்று என்று சொல்லி விற்கிற நர்சரிகள் இருக்கின்றன. வாங்கியவர் ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, கடைசியில் ஆண் மரத்தைப் பார்த்து நிற்பார். அந்த ஏழு வருஷத்தை யாரும் திருப்பித் தர முடியாது. நீங்கள் கன்று விற்க வந்தால், எந்தத் தாய்மரத்தில் எடுத்தது, எந்தத் தேதியில் ஒட்டியது என்று ஒவ்வொரு தொகுதிக்கும் நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கிறவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டு எழுதுவது உங்களுக்குப் புதிதில்லை. இந்தத் தொழிலில் கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு. நூறு கவர் வைத்து 65 பிடித்தால், நூறு கவருக்கும் ஆன செலவை 65-ஆல் வகுத்துத்தான் ஒரு கன்றின் விலையைப் போட வேண்டும். நிறையப் பேர் நூறாலேயே வகுத்துவிட்டு, வியாபாரம் நடக்கிறது, பணத்தைத்தான் காணோம் என்பார்கள். தன் கூலியை எழுதவே மாட்டார்கள். இன்னொன்று, பணம் முடங்குகிற காலம். மிளகுக் கன்று மூன்று மாதத்தில் விலை போகும். கிராம்பு அப்படி இல்லை. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் கிராம்புக் கன்று போட்டால் நல்ல வியாபாரம் என்று சிலர் கிளம்பினார்கள். கிராம்பு விதை பறித்த சூட்டோடு விதைக்க வேண்டும், காய்ந்தால் முளைக்காது. முளைத்த கன்று நடவுக்கு ஆக ஒன்றரை முதல் இரண்டு வருஷம் கவரிலேயே இருக்கும், அத்தனை நாளும் தண்ணீரும் நிழலும் கொடுக்க வேண்டும். மாதம் 7,500 கடன் கட்டுகிறவர் அதை வைத்துத் தொடங்க முடியாது. மிளகு, செம்பருத்தி, சக்கை (பலா) ஒட்டு என்று போங்கள். மிளகில் பக்கக் கிளையில் கம்பு எடுத்தால் கொடியாக ஏறாமல் தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். வேர் பிடிப்பது ஓடுகொடியைவிடக் குறைவு, ஆனால் நாகர்கோவிலில் மாடி வீட்டுக்காரர்கள் விரும்பி வாங்குவார்கள்.

குத்தகை வேண்டாம் என்றதற்கும் கணக்குதான் காரணம். ஒரு சென்ட் நிழல்வலைக்குள் நடக்க வழி விட்டாலும் 2,000 கவர் தாராளமாக அடுக்கலாம். உங்களிடம் 9 சென்ட் இருக்கிறது. வீடு போக மிச்சத்திலேயே நீங்கள் விற்கக்கூடியதைவிட அதிகம் வளர்க்க இடம் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒரு நாளில் குத்தகைப் பணமும் பி.எஃப். பணமும் ஒன்றாகப் போனால் எழுந்திருக்க வருஷங்கள் ஆகும்.

மாமியாரைப் பற்றி. அவர் பயப்படுவது மண்ணுக்கு இல்லை என்று நினைக்கிறேன், மாதம் பிறந்தால் வருகிற சம்பளம் நின்றுவிடுமோ என்றுதான். இப்போதைக்கு வேலையை விடவில்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஊரில் எந்த வீட்டுச் சக்கை இனிக்கும், எது பிசினாகப் போகும், எது வருஷம் தவறாமல் காய்க்கும் என்று அவரிடம் கேளுங்கள். சக்கை விதையில் முளைத்தால் தாய்மரம் போல வராது, ஒட்டில்தான் வரும். ஆகவே நல்ல தாய்மரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் ஒரு நர்சரிக்கு மிகவும் வேண்டியவர். அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர் வயதுக்காரர்கள்தான். பகலில் தண்ணீர் தெளிக்கவும் ஓர் ஆள் வேண்டும். அதை அவரிடம் கேட்பதா, வீட்டுக்காரர் வேலையில்லாத நாளில் பார்ப்பதா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். ஒரு நாள் லீவு போட்டு வீட்டுக்காரரோடு போய் வாருங்கள். தாய்மரங்களைப் பார்க்கலாம், ஜாதிக்காய்ப் பூவையும் கொண்டுபோய்க் காட்டலாம். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்றும் கேட்டு வையுங்கள். காசு வாங்கி விற்கத் தொடங்குமுன் உரிமம் எடுக்க வேண்டும். 1983-ஆம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு ஆணை நாற்று, கன்று விற்பவர்களுக்கும் பொருந்தும். விதை ஆய்வாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு மழைக்காலமும் விற்றுப் பார்த்து, செலவும் உங்கள் கூலியும் போக மாதக் கடனைக் கட்டும் அளவு பணம் நின்றால், அடுத்த தையில் வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம். இப்போதைய கடையை விட்டு வேறு வேலைக்குப் போனாலும் சரி, முழுவதும் செடிக்கே வந்தாலும் சரி, மனசு வெறுத்துப்போய் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, முறைப்படி நோட்டீஸ் காலம் முடித்து, கிராஜுவிட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருஷம் தாண்டியவருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது வர வேண்டும். 11 வருஷத்துக்கு நல்ல தொகை, நிழல்வலையும் தண்ணீர்த் தொட்டியும் அதிலேயே போட்டுவிடலாம். பி.எஃப்.-ஐ எடுக்காமல் புதிய வேலையிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 10 வருஷம் பணம் கட்டி முடித்திருந்தால் 58 வயதில் உங்களுக்குப் பென்ஷன் உண்டு. கடையில் எல்லா வருஷமும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்று பாஸ்புக்கை இந்த வாரமே பாருங்கள்.